கரிசலில் கிளம்பிய விமானம்

மழை பெய்தால் வண்டி நகராத மண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன் நான். சித்திரையில் பாதம் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் பசையாகிவிடும். சக்கரத்தில் அப்பிய மண் ஆரக்கால்களை மூடும். மாடு நுகத்தடியோடு முட்டிபோட்டுவிடும். அந்த ஊரிலிருந்து கிளம்பி விமானப்படையில் சேர்ந்தேன். பணிக்காலம் முழுக்க இன்ஜின் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று வந்து அதே காட்டில் உளுந்தும் கம்பும் விதைத்துக்கொண்டிருக்கிறேன்.

மண்ணும் விமானமும் ஒரே வாழ்க்கைக்குள் வந்த மனிதர்களைப் பற்றி எது கிடைத்தாலும் தேடிப் படிப்பேன். அப்படிப் படித்ததில் மனத்தில் நிலைத்தவர் பால் மெக்கின்னஸ். குவாண்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமான நிறுவனத்துக்கு வித்திட்ட இரண்டு விமானிகளில் ஒருவர். அதன் முதல் அஞ்சல் விமானத்தை ஓட்டியவர். ஓட்டிய கொஞ்ச நாளிலேயே வேலையை விட்டு, நாட்டின் மறுகோடிக்குப் போய் விவசாயம் பார்த்தவர்.

விமானத்துறை வரலாற்றில் மட்டும் அவரைப் படித்தால், நல்ல நேரத்தில் விட்டுப் போய்விட்டவர் என்று தோன்றும். நிலத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் யாரென்று பிடிபடும்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மாநிலம் குயின்ஸ்லாந்து. அதன் மேற்குப் பகுதியில் மிட்செல் புல் வளரும் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. மண் கரிசல்தான். நம் கரிசலைப் போலவே காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நனைந்தால் உப்பி ஒட்டும். மிட்செல் புல்லின் வேர் ஆழமாக இறங்குவது. ஆண்டுக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் அடிக்கட்டை உயிரோடு இருந்து, ஈரம் பட்டதும் துளிர்க்கும். அந்தப் புல்லை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செம்மறி மந்தைகள் அங்கே போயின. நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் கொண்ட பண்ணைகள் எழுந்தன. ஆழ்துளை போட்டால் தானாகப் பொங்கிவரும் ஆர்ட்டீசியன் ஊற்று நீர் ஆடுகளுக்குக் குடிநீரானது.

அது யாரும் இல்லாத நிலம் அல்ல. கிளான்கரிக்கு மேற்கே உள்ள குன்றுகள் கல்கடூன் மக்களுடையவை. தங்கள் நீர்நிலைகளையும் வேட்டைக்காடுகளையும் பறித்துக்கொண்டு வந்த மந்தைக்காரர்களை அவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 1884இல் பேட்டில் மவுண்டன் என்று பின்னால் பெயர் வாங்கிய குன்றில் காலனிப் போலீசின் துப்பாக்கிகள் அவர்களைக் கொன்று குவித்தன. அந்த ஆண்டில் கல்கடூன்களைத் தேடிப் போன பண்ணைக்காரர்களில் அலெக்சாண்டர் கென்னடி என்ற ஸ்காட்லாந்துக்காரரும் இருந்தார். அவருடைய பங்காளி ஒருவரைக் கல்கடூன்கள் கொன்றிருந்தார்கள். இந்தக் கென்னடி பின்னால் மறுபடி வருவார்.

அந்தப் பகுதியின் அன்றைய ரயில் வரைபடத்தைப் பார்த்தால் சிக்கல் ஒரே பார்வையில் புரிந்துவிடும். கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து தண்டவாளங்கள் மேற்கே போகின்றன. பிரிஸ்பேனிலிருந்து கிளம்பிய பாதை 1888இல் சார்லவில் போய்ச் சேர்ந்தது. ராக்ஹாம்டனிலிருந்து வந்தது 1892இல் லாங்ரீச்சைத் தொட்டது. டவுன்ஸ்வில்லிலிருந்து வந்தது கிளான்கரிக்குப் போனது. மூன்றும் ஒன்றுக்கொன்று இணைகோடு. அன்று உள்நாட்டில் அவை ஒன்றையொன்று தொடவில்லை. உள்நாட்டுச் சரக்கு கடலுக்குப் போக வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதைகள் அவை. சார்லவில்காரர் கிளான்கரிக்கு ரயிலில் போக நினைத்தால் கிழக்கே கடற்கரை வரை வந்து, கப்பலில் வடக்கே ஏறி, மறுபடி மேற்கே போக வேண்டும். நேராகப் போகலாம் என்றால் நடுவில் 900 கிலோமீட்டருக்கு மேல் கரிசல். வெயில் காலத்தில் மோட்டார் போகும். மழை இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் எதுவும் போகாது. சரக்கு ஏற்றிப் போனவை மாட்டு வண்டிகளும் ஒட்டகங்களும். ஒட்டகம் ஓட்டியவர்களில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தான், பஞ்சாப் பகுதிகளிலிருந்து போனவர்கள் உண்டு. அங்கே எல்லோரையும் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள்.

இந்த மண்ணுக்கு மெக்கின்னஸ் வந்தது பிற்பாடுதான். அவர் பிறந்தது தெற்கே விக்டோரியா மாநிலத்தில், ஃபிராம்லிங்காம் என்ற ஊரில், 1896இல். விவசாயக் குடும்பம். முதல் உலகப் போர் வந்ததும் லைட் ஹார்ஸ் எனப்பட்ட குதிரைப் படையில் சேர்ந்தார். பண்ணைப் பிள்ளைகளுக்குக் குதிரையும் துப்பாக்கியும் பிறந்ததிலிருந்து பழக்கம் என்பதால் அந்தப் படைக்கு ஆள் சேர்ப்பது எளிதாக இருந்தது. அவருடைய 8ஆவது ரெஜிமெண்ட் 1915இல் குதிரைகளை எகிப்தில் விட்டுவிட்டு கலிபோலியில் காலாளாகப் போரிட்டது. ஆகஸ்ட் 7 அன்று நெக் என்ற குறுகிய மேட்டில் அந்த ரெஜிமெண்டிலிருந்து பாய்ந்த 300 பேரில் 234 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். கலிபோலியில் காட்டிய துணிவுக்காக மெக்கின்னஸுக்குப் பதக்கம் கிடைத்தது.

பிறகு விமானத்துக்கு மாறினார். பாலஸ்தீனத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையின் 1ஆம் ஸ்குவாட்ரனில் பிரிஸ்டல் ஃபைட்டர் ஓட்டினார். அதில் விமானி முன்னால், துப்பாக்கிக்காரர் அவர் முதுகுக்குப் பின்னால் வாலைப் பார்த்து உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர் ஹட்சன் ஃபிஷ். டாஸ்மேனியாவில் பிறந்தவர், போருக்கு முன் ஆட்டுப் பண்ணையில் வேலை பழகியவர், கம்பளி தரம் பிரிக்கும் தொழில் தெரிந்தவர். வெட்டிய கம்பளியை மேசையில் விரித்து, இழையின் மென்மை, நீளம், உறுதி, நிறம் பார்த்துக் கையால் வகை பிரிக்கும் வேலை அது. அவசரக்காரருக்கு ஒத்துவராது. அந்தக் கை நிதானம் ஃபிஷ்ஷிடம் கடைசி வரை இருந்தது. மெக்கின்னஸ் அப்படியே எதிர்ப்பக்கம். நினைத்ததை உடனே செய்து பார்க்கும் ஆள்.

அதே ஸ்குவாட்ரனில் ராஸ் ஸ்மித் என்ற விமானியும் இருந்தார். அவர் வளர்ந்ததும் ஆட்டுப் பண்ணையில், குதிரைப் படை வழியாகத்தான் அவரும் வந்தார். ஆர்தர் பெயர்ட் என்ற மெக்கானிக்கும் அங்கேதான் இருந்தார். பின்னால் ஆஸ்திரேலிய வானில் நடந்த பல காரியங்களின் வேர் அந்த ஒரு ஸ்குவாட்ரனில் இருக்கிறது.

1919இல் ஆஸ்திரேலிய அரசு 10,000 பவுண்டு பரிசு அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வருகிற ஆஸ்திரேலியர்களுக்கு அது. மெக்கின்னஸும் ஃபிஷ்ஷும் போட்டிக்கு ஆயத்தமானார்கள். பணம் தருவதாகச் சொன்னவர் சாமுவேல் மெக்காகி, செம்மறிப் பண்ணைகளால் பெரும் செல்வம் சேர்த்தவர். விமானம் வாங்குவதற்கு முன் அந்த ஜூலையில் அவர் இறந்துபோனார். சொத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

பறக்கக் கிடைக்காத இருவருக்கும் தரை வேலை வந்தது. போட்டி விமானங்கள் டார்வினில் இறங்கி, அங்கிருந்து தெற்கே வர வேண்டும். லாங்ரீச்சிலிருந்து வடக்கே போய் இறங்குதளங்களுக்கு இடம் பார்த்துச் சொல்லும்படி இராணுவம் அவர்களை அனுப்பியது. 1919 ஆகஸ்ட் 18 அன்று ஒரு ஃபோர்டு மாடல் டி காரில், ஜார்ஜ் கோரம் என்ற மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். கார்பென்டேரியா வளைகுடா ஓரமாகப் போன அந்தத் தடத்தில் சாலை என்று ஒன்று இல்லை. மணல் ஆறுகளில் கிளைகளை வெட்டிப் போட்டு அதன்மேல் காரை ஏற்றினார்கள். ஏறாத இடத்தில் குதிரையைப் பூட்டி இழுத்தார்கள். 2,179 கிலோமீட்டர் கடந்து கேத்தரின் ஆற்றங்கரையை எட்ட 51 நாள் ஆயிற்று.

இறங்க இடம் பார்க்கப் போனவர்கள் வேறொன்றைப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். காரை மறித்த அதே நிலம், காய்ந்து கிடக்கும்போது மரமில்லாத, மேடு பள்ளமில்லாத இயற்கை விமானதளம். வழியில் கண்ட பண்ணைக் குடும்பங்கள் எல்லாம் ஒரே குறையைச் சொல்லின. கடிதம் வராது, மருந்து வராது, மழைக்காலத்தில் மனிதர் முகமே பார்க்க முடியாது. சக்கரம் தோற்றுப்போன இடத்தில் இறக்கை ஜெயிக்கும் என்று அந்த 51 நாள் சேற்றிலும் மணலிலும் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நகரத்து ஆபீசில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவருக்கு இது தோன்றியிராது.

டிசம்பர் 10 அன்று ராஸ் ஸ்மித்தும் அண்ணன் கீத்தும் இரண்டு மெக்கானிக்குகளும் விக்கர்ஸ் விமி விமானத்தில் டார்வினில் இறங்கினார்கள். டெல்லி, அலகாபாத், கல்கத்தா வழியாக 28 நாளில் வந்திருந்தார்கள். அவர்களை வரவேற்க டார்வினில் நின்றவர் ஃபிஷ். மெக்கின்னஸ் கிளான்கரியில் இறங்குதளம் அமைக்கும் வேலையில் இருந்தார்.

அங்கேதான் ஓர் அச்சு முறிந்தது. ஃபெர்கஸ் மெக்மாஸ்டர் என்ற ஆட்டுப்பண்ணைக்காரரின் கார், கிளான்கரி ஆற்றின் காய்ந்த மணலில் முன் அச்சு உடைந்து நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. பட்டறைகள் அடைத்திருந்தன. மனிதர் வெயிலில் நடந்தே ஊருக்குள் வந்தார். உல்லாசமாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்த மெக்கின்னஸ் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, சாமான்களைத் தேடிப் பிடித்து, ஆற்றுக்குப் போய் மணலில் படுத்து காரைச் சரிசெய்து கொடுத்தார். யார், என்ன என்று விசாரித்துச் செய்த உதவி அல்ல. காட்டுவழியில் வண்டி நின்றுபோனவனுக்கு உதவுவது விவசாயியின் வழக்கம்.

மெக்மாஸ்டர் அந்தப் பகலை மறக்கவில்லை. 1920 நடுவில் பிரிஸ்பேனில் மெக்கின்னஸும் ஃபிஷ்ஷும் மேற்குப் பகுதிக்கு ஒரு விமான சேவை தொடங்கும் எண்ணத்தோடு அவரைப் பார்த்தபோது கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், தெரிந்த பண்ணைக்காரர்களையும் வியாபாரிகளையும் தேடிப்போய்ப் பேசினார். லாங்ரீச் பக்கத்துப் பண்ணைக்காரர் ஐன்ஸ்லி டெம்பிள்டன் பணம் போட்டார். விண்டன் ஊர்க் கடைக்காரர் ஒருவர் போட்டார். பெரிய வங்கியோ லண்டன் முதலாளியோ இல்லை. கம்பளி விற்ற காசுதான் அதன் முதலில் பெரும்பங்கு. குயின்ஸ்லாந்து அண்ட் நார்தர்ன் டெரிட்டரி ஏரியல் சர்வீசஸ், சுருக்கமாகக் குவாண்டாஸ், என்ற பெயரில் 1920 நவம்பர் 16 அன்று கம்பெனி பதிவாயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் விண்டனில் இயக்குநர்கள் கூடினார்கள். பிறகு தலைமையிடம் லாங்ரீச்சுக்குப் போனது. தலைவர் நாற்காலி மெக்மாஸ்டருக்கு.

கையில் இருந்தவை இரண்டு விமானங்கள், ஒரு ஏவ்ரோ 504கே, ஒரு பி.இ.2இ. இரண்டும் போர்க்கால ரகம். மரச்சட்டத்தில் லினன் துணி போர்த்தி, அரக்குப் பூசி இறுக்கியவை. ஊர் ஊராகப் போய் மக்களை ஏற்றி வானத்தில் ஒரு சுற்று காட்டிக் காசு வாங்கினார்கள். வாடகைக்கும் ஓட்டினார்கள். ஆர்தர் பெயர்ட் மெக்கானிக்காக வந்து சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் என் தொழில்காரனாகக் கொஞ்சம் பேச வேண்டும். அந்த வெயிலில் மரமும் துணியுமான விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். வறண்ட காற்றில் மரம் சுருங்கும், மூட்டுகள் தளரும், இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் விறைப்பு மாறும். ஒவ்வொரு கம்பியாக மறுபடி முறுக்கிச் சமன் பார்க்க வேண்டும். நுண்மணல் போகாத இடம் இன்ஜினில் கிடையாது. காற்று சூடாக ஆக அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் வலு குறைகிறது, இன்ஜினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது, புரொப்பல்லரின் பிடியும் குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். இங்கிலாந்தின் குளிரில் நன்றாக ஏறிய விமானம் லாங்ரீச் மத்தியானத்தில் தரையை விட்டு எழவே திணறும்.

இதைக் காட்டிக்கொடுத்தது விக்கர்ஸ் வல்கன். எட்டுப் பயணிகள் உட்காரும் பெரிய விமானம் என்று நம்பிக் கேட்டிருந்தார்கள். வந்து பறந்து காட்டியபோது, அந்த வெப்பத்தில் சுமையோடு வேண்டிய உயரத்துக்கு அது ஏறவில்லை. கம்பெனி அதை ஏற்க மறுத்துவிட்டது. கையில் பணம் சுருங்கிய நிலையில், இது வேண்டாம் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். விதை சரியில்லை என்று தெரிந்த பிறகும் மழை வந்துவிட்டதே என்று விதைக்கிறவன் கெட்டான் என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியும்.

அஞ்சல் ஒப்பந்தம் கிடைத்ததில் மெக்கின்னஸின் பங்கு பெரியது. உல்லாசப் பறப்பில் வரும் சில்லறைக் காசில் கம்பெனி நிற்காது, அரசு மானியம் வேண்டும். நாடாளுமன்றம் அப்போது மெல்பர்னில் கூடியது. அங்கே போய் உறுப்பினர்களைப் பிடித்துப் பேசினார். விவசாயிகளின் குரலாக அண்மையில்தான் முளைத்திருந்த கன்ட்ரி பார்ட்டிக்காரர்களிடம், மேற்குக் கரிசலுக்கு விமானம் எதற்கு என்று அவரால் விளக்க முடிந்தது. கடைசியில் சார்லவில் முதல் கிளான்கரி வரை, வாரம் ஒரு முறை, ஆண்டுக்கு 12,000 பவுண்டு மானியத்தில் சேவை என்று முடிவாயிற்று. அந்தத் தடத்தை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கடலுக்கு மட்டும் ஓடிய மூன்று ரயில்பாதைகளின் முனைகளையும் அது குறுக்கே கோத்துவிட்டது.

1922 நவம்பர் 2. சார்லவில். விடிந்தும் விடியாத வேளையில் ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் எஃப்.கே.8 விமானத்தில் மெக்கின்னஸ் ஏறினார். கூடவே பெயர்ட். பயணி இல்லை, தபால் பை மட்டும். வெயில் ஏறுமுன் போக வேண்டிய தூரத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிட வேண்டும் என்பதால்தான் அந்த அதிகாலை. டாம்போ, பிளாக்கால், பிறகு லாங்ரீச். மறுநாள் அங்கிருந்து ஃபிஷ் ஓட்டினார். அன்றைக்கு ஒரு பயணி இருந்தார். 84 வயது அலெக்சாண்டர் கென்னடி. பணம் போடும்போதே, முதல் பயணச்சீட்டு தனக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தார். இளமையில் மாட்டு வண்டியோடு மாதக்கணக்கில் ஊர்ந்துபோன வழியை விண்டன், மெக்கின்லே வழியாக அன்று பகலுக்குள் பறந்து கிளான்கரியில் இறங்கினார்.

முதல் பயணியின் படத்தை அங்கே பெருமையோடு காட்டுகிறார்கள். கல்கடூன் குன்றுகளில் 1884இல் நடந்ததையும் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். நிலத்தை இழந்தவர்களுக்கு அந்த விமானத்தில் இடம் இருக்கவில்லை. அந்தப் புல்வெளியில் சேர்ந்த செல்வத்தின் முழுக்கணக்கில் இதுவும் ஒரு வரி.

சேவை ஓடத் தொடங்கியது. மெக்கின்னஸ் கிளம்பிவிட்டார். கால அட்டவணை, கட்டுப்பாடு, ஒரே தடத்தில் போய்வருவது இவற்றோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. கம்பெனிக்கோ இனி வேண்டியது ஒழுங்குதான். வாராவாரம் அதே நேரத்தில் அதே ஊரில் இறங்கும் விமானத்தை நம்பித்தான் மானியம் வரும். 1923இல் ஃபிஷ் மேலாளரானார். இழை பார்த்துக் கம்பளி பிரித்த கண்ணால் ஒவ்வொரு செலவையும் ஒவ்வொரு விமானியையும் பார்த்தார். 1966 வரை அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

அதன்பின் நடந்தவை பரவலாகத் தெரிந்தவை. 1926 முதல் லாங்ரீச் கொட்டகையிலேயே டி ஹாவிலண்ட் 50 விமானங்களை உரிமம் வாங்கிக் கட்டினார்கள். ஆட்டுமந்தைகளுக்கு நடுவே, பெயர்டின் மேற்பார்வையில் ஏழு விமானங்கள் உருவாயின. துயரங்களும் உண்டு. 1927 மார்ச்சில் டாம்போவில் ஒரு விமானம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். 1928 மே 17 அன்று கிளான்கரியிலிருந்து மருத்துவர் செயின்ட் வின்சென்ட் வெல்ச்சை ஏற்றிக்கொண்டு ஆர்தர் அஃப்லெக் ஓட்டிய வாடகை விமானம் ஜூலியா கிரீக்குக்குப் பறந்தது. பறக்கும் மருத்துவ சேவை என்று உலகப் புகழ் பெற்ற ஏற்பாட்டின் முதல் பயணம் அது. 1919இல் காரில் போனபோது பண்ணை வீடுகளில் கேட்ட குறைக்கு ஒன்பது ஆண்டு கழித்துக் கிடைத்த மறுமொழி.

மெக்கின்னஸ் போனது மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு. அங்கே விமான சேவை தொடங்க வேறொருவர் முந்திக்கொண்டிருந்தார். நார்மன் பிரியர்லி 1921 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டார். மெக்கின்னஸ் நிலத்தில் இறங்கினார்.

அவருடைய வரப்பு எங்கே போனது, என்ன விளைந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அந்த மாநிலத்தில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான இருபது ஆண்டுகளில், போரிலிருந்து திரும்பியவன் கலப்பை பிடிப்பது எப்படி இருந்தது என்பதை எழுதலாம். ஆஸ்திரேலியா முழுவதிலும் ஏறத்தாழ 37,000 படைவீரர்களை அரசு நிலத்தில் குடியமர்த்தியது. நிலமும் கடனும் கொடுத்தது. 1929இல் நீதிபதி பைக் இந்தத் திட்டத்தை ஆராய்ந்து, சுமார் 2 கோடியே 35 லட்சம் பவுண்டு நட்டம் என்று கணக்குச் சொன்னார். நான்கு காரணம் காட்டினார். கையில் முதல் இல்லை, ஒரு குடும்பம் பிழைக்கும் அளவுக்கு நிலம் இல்லை, விவசாயத்துக்குப் பொருந்தாத ஆட்கள், விளைபொருள் விலை வீழ்ச்சி. இந்த நான்கில் மூன்று, விவசாயியின் கையில் இல்லாதவை. மூன்றாவதை மட்டும் உரக்கச் சொல்லும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நாட்டுக்கு இன்னும் இரண்டு சோதனைகள். யூகலிப்டஸ் காடுகளை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். ஆழ்வேர் மரங்கள் உறிஞ்சிக்கொண்டிருந்த நீர் நிலத்தடியில் சேர்ந்து மேலேறியது. அது அடியில் கிடந்த உப்பையும் கூடவே கொண்டுவந்தது. வுட் என்ற ரயில்வே பொறியாளர் 1924லேயே இதை எழுதி எச்சரித்தார். காடு வெட்டுவது நிற்கவில்லை. பிறகு 1930களின் விலைச் சரிவு. கோதுமை விலை உழவுக் கூலிக்கும் காணாமல் போனது. அந்த நேரத்தில் 1932இல் கேம்பியன் வட்டாரத்தில் சுமார் 20,000 ஈமு பறவைகள் வயல்களில் இறங்கின. முன்னாள் படைவீரர்களான விவசாயிகள் அரசிடம் இயந்திரத் துப்பாக்கி கேட்டார்கள். இராணுவம் லூயிஸ் துப்பாக்கிகளோடு வந்து, ஈமுக்களைத் துரத்தித் தோற்றுத் திரும்பியது. உலகம் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறது. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் புரட்டிப்போட்ட கம்மங்காட்டின் வரப்பில் காலையில் நின்ற எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

விவசாயம் மெக்கின்னஸைச் செல்வந்தராக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி விமானப்படைச் சீருடை அணிந்தார். அந்தப் போர்க்காலத்தில், அவர் வாழ்ந்த மாநிலத்தின் தலைநகர் பெர்த்திலிருந்து, அவர் தொடங்கிய நிறுவனத்தின் கேட்டலினா பறக்கும் படகுகள் இலங்கையின் காலி அருகே உள்ள கொக்கல ஏரிக்குப் பறந்தன. 1943 ஜூன் முதல் 1945 ஜூலை வரை 271 முறை. 5,600 கிலோமீட்டர், நடுவில் இறங்க இடமில்லை, வானொலி பேசக்கூடாது, 27 முதல் 33 மணி நேரம். பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள். எரிபொருளின் எடையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. லாங்ரீச் வெயிலில் எடையை எண்ணி எண்ணிக் கற்ற பாடம் இந்துமாக்கடலுக்கு மேல் கைகொடுத்தது.

மெக்கின்னஸ் 1952இல் பெர்த்தில் காலமானார். ஃபிஷ் மறு ஆண்டு சர் பட்டம் பெற்றார்.

இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்று எழுதுவது சுலபம். நான் அதை ஏற்கவில்லை. தொடங்குவது ஒரு திறமை, நடத்துவது வேறொரு திறமை. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். மெக்மாஸ்டரின் அச்சைச் சரிசெய்ததும், மெல்பர்னில் மானியம் கேட்டதும், முதல் தபால் பையைச் சார்லவில்லிலிருந்து தூக்கியதும் மெக்கின்னஸ். நிதானமான ஃபிஷ் மட்டும் இருந்திருந்தால் நடத்துவதற்கு ஒன்று உருவாகியிருக்குமா என்பது சந்தேகம்தான். பிறகு அவர் கலப்பைக்குப் போனதைச் சறுக்கல் என்று சொல்கிறவர்கள், விவசாயத்தைத் தாழ்ந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வானத்தில் அவருக்கு மானியம் தர ஒரு நாடாளுமன்றம் இருந்தது. நிலத்தில் விலை விழுந்தபோது அவர் தலைமுறை விவசாயிகளுக்குக் கிடைத்தது கடன் நோட்டீஸ்.

விமானம் என்றால் நகரத்தாருக்கும் பணக்காரருக்கும் ஆனது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மேற்குக் குயின்ஸ்லாந்தில் அதைக் கேட்டு வாங்கியவர்கள் சேற்றில் சிக்கிய ஆட்டுப்பண்ணைக்காரர்கள். பணம் போட்டவர்கள் அவர்கள், தலைமை தாங்கியவர் அவர்களில் ஒருவர், ஓட்டியவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். எங்கள் பக்கத்திலிருந்து விமானப்படைக்கும் விமானத் தொழிலுக்கும் போகிற பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லி வருகிறேன். உனக்குத் தெரிந்த மண்ணை மறந்துவிட்டு அங்கே போகாதே. எந்த இடத்துக்கு எது வேண்டும் என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மண்தான்.